சிவப்புக்கு என்ன தொட்டுக்க

தடைக்காலத்தின் முப்பத்தெட்டாம் நாள்
கப்பலில் சமையல் பார்க்கும் என் தம்பி ஜெரால்டு
லுங்கியில் சுற்றி ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தான்.
ஸ்பெயின் சரக்கு. சிவப்பு. இனிப்பு.
'கறியோட குடி, சாக்லேட்டோட குடி.
மீனோட மட்டும் வேணாங்க்கா,
பாவம்னு சொல்றான் அந்த ஊர்க்காரன்.'

காசிமேட்டில் வந்து சொல்கிறான் இதை.
அதுவும் ஏலக்கூடம் காய்ந்து
பூனைகளும் இளைத்துப்போன மே மாதத்தில்.

ஹவுசிங் போர்டு மொட்டைமாடி,
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தினோம்.
தூரத்தில் துறைமுகக் கிரேன்களின் விளக்கு.
தக்கையைப் பிடுங்க எங்களிடம் எதுவுமில்லை.
பெலிக்ஸ் ஒரு மரத்திருகாணியை இறக்கி
கொறடால் பிடித்து இழுத்தார்,
போட்டு எஞ்சினுக்குப் பேசும் கெட்டவார்த்தைகளையே
அதற்கும் பேசி.

எவர்சில்வர் டம்ளரில் நிறம் தெரியவில்லை.
செல்போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன்:
நாவல்பழம் தின்ற பிள்ளையின் நாக்கு.
வாசனையில் உலர்ந்த திராட்சை,
அடிப்பிடிக்கத் தொடங்கிய வெல்லப்பாகு,
அப்புறம் ஒரு நனைந்த மரப்பெட்டி.
சீனியும் கிராம்பும் போட்டு ஜாடியில்
இருபத்தோரு நாள் துணி கட்டி வைப்பேனே
கிறிஸ்துமஸ் வைன்,
அதன் சித்தி மகள், கடல்தாண்டிப் போய்ப் பணக்காரியானவள்.
முகஜாடை இருக்கிறது. பேச்சு வேறு.

முதலில் அத்தோ. எதிர் பிளாக் யமுனா அக்கா
வண்டியில் மிஞ்சியதை மேலே கொண்டுவந்தாள்.
புளித்தண்ணியும் எலுமிச்சையும் கூட்டு சேர்ந்து
பாட்டிலை அறைந்துவிட்டன.
இனிப்பு ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

புளியந்தோப்பு பீஃப் சுக்கா வந்தது,
மிளகும் கருவேப்பிலையும் கருகிய எண்ணெயோடு.
ஒரு துண்டு. ஒரு வாய்.
காரம் ஏறிவரும் படியிலேயே
இனிப்பு இறங்கிவந்து அதன் கையைப் பிடித்தது.
கொஞ்சநேரம் யாரும் பேசவில்லை.
கீழே தண்ணி லாரிக்குக் குடங்கள் இழுபடும் சத்தம்.
'இன்னாடி இது,
கண்ணாலம் பண்ணி வெச்சா மாதிரி கீது'
என்றாள் யமுனா அக்கா.

கடலை உருண்டை: சரி.
பிரியாணிச் சட்டியின் அடிக்காந்தல்: சரிக்கும் மேலே.
ஜெரால்டின் சாக்லேட் உருகி
சட்டைப் பாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டதால்
அதற்குத் தீர்ப்பு இல்லை.

நான்தான் கெட்டவள்.
சொன்னதைக் கேட்கிற ஆளா.
கீழே போய் நெத்திலிக் கருவாடு வறுத்து வந்தேன்.
கடித்தேன், குடித்தேன்.
துருப்பிடித்த ஆணியை நக்கினது போலிருந்தது.
ஜெரால்டு சிரித்தான். அந்த ஊர்க்காரனும்
எங்கேயோ சிரித்திருப்பான்.
பெலிக்ஸ் சிரிக்கவில்லை. தொடவுமில்லை.
மூன்று விரல் மிச்சத்தைத் தக்கையால் அடைத்து
'இது ஜூனுக்கு' என்றார்.

ஜூன்வரை அவர்
கரையேற்றிய படகின் அடியில் மல்லாந்து கிடந்தார்.
வாய் நிறைய ஆணி.
ஒவ்வொன்றாய் உதட்டிலிருந்து எடுத்து அடிப்பார்.
வட்டிக்காரன் வந்துட்டுப் போனான் என்றாலும் ம்,
டீசல் பாக்கி என்றாலும் ம்,
டார்வினுக்கு ஸ்கூல் ஃபீஸ் என்றாலும் ம்.
வாயைத் திறந்தால் ஆணி விழுந்துவிடுமே.

பதினைந்தாம் தேதி போனவர்கள்
பதினேழாம் தேதி இருட்டோடு திரும்பினார்கள்.
பெரிய பாடு ஒன்றுமில்லை.
ஏலத்துக்குப் போனது போக ஒரு சின்ன வஞ்சிரம்.
உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கல்லில் போட்டேன்.
குளிக்காமலேயே போய்ப் பாட்டிலை எடுத்துவந்தார்.
நாலு வாரத்தில் இனிப்பு சாய்ந்து
லேசாய்க் காடி வாசம் தட்டியிருந்தது.
'வேணாம்யா, வீணாப் பூடும்' என்றேன்.

வயிற்றுத் துண்டைப் பிய்த்துப் போட்டுக்கொண்டார்.
குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

'ஆணிதான்' என்றார்.
'ஆனா நம்ம போட்டு ஆணி.'

டம்ளரை என் பக்கம் தள்ளினார்.
அதில் ஒரு செதில் மிதந்தது.